காற்றாலை டெக்னீஷியன் வேலை: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் முதல் வாய்ப்பைப் பிடிப்பது எப்படி

ஐடிஐ முடித்துவிட்டுக் காற்றாலை வேலைக்குப் போக நினைக்கும் கடலூர், புதுச்சேரிப் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மெஷின்கள் நிற்கும் இடம் நம் ஊரிலிருந்து தூரம் என்பதுதான். தமிழ்நாட்டுக் காற்றாலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களை ஒட்டி அமைந்தவை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலைப்பேட்டை, பல்லடம், பொங்கலூர், தாராபுரம் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாயை நம்பி முப்பந்தல், பணகுடி, ராதாபுரம், வள்ளியூர் பக்கம். செங்கோட்டைக் கணவாய்க்குச் சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு பக்கம். கம்பம் கணவாய்க்குத் தேனி, ஆண்டிபட்டி பக்கம். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளிகளில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. நம் கடற்கரையில் எவ்வளவு காற்றடித்தாலும் அந்த நெருக்கம் கிடையாது.

ஆகவே வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருப்பதைவிட, மெஷின் நிற்கும் ஊருக்கு ஒருமுறை நேரில் போவது பலன் தரும். போவதற்கு முன் கையில் என்ன இருக்க வேண்டும், அங்கே யாரைக் கேட்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பவற்றை இங்கே எழுதியிருக்கிறோம்.

எந்தப் படிப்பு எடுபடும்

எலக்ட்ரீஷியன் டிரேடுக்குத்தான் முதலிடம். அதற்கடுத்து ஃபிட்டர், எலக்ட்ரானிக் மெக்கானிக், வயர்மேன். கடலூரில் அரசு ஐடிஐ செம்மண்டலத்தில் இருக்கிறது. புதுச்சேரியில் ஆண்களுக்கான அரசு ஐடிஐ மேட்டுப்பாளையத்தில். டிப்ளமோ என்றால் எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் இரண்டுமே பொருந்தும். லாஸ்பேட்டை மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் போன்ற இடங்களில் படித்தவர்கள் தாராளமாக முயலலாம். பி.இ. முடித்தவர்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள். ஆனால் கம்பெனி தேடுவது ஏறத் தயங்காத, பேனலைத் திறந்தால் பயமும் நிதானமும் சேர்ந்து இருக்கிற ஆளை. அதற்கு ஐடிஐ போதும்.

ஃபிட்டர் படித்தவர் எலக்ட்ரிக்கல் அடிப்படையையும், எலக்ட்ரீஷியன் படித்தவர் போல்ட், கிரீஸ், ஹைட்ராலிக் வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். மேலே ஏறுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர்தான். அந்த இருவரே நாசெல்லில் (கோபுர உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் கூண்டு) எல்லா வேலையும் பார்ப்பார்கள்.

காசு கட்டும் முன் யோசியுங்கள்

'ஜிடபிள்யூஓ சர்டிபிகேட் இருந்தால்தான் வேலை' என்று சொல்லிப் பெரிய தொகை கேட்பவர்கள் உண்டு. இது பாதி உண்மை. குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் வகுத்த அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் தரைக் காற்றாலைக்கு நான்கு பாடங்கள்: முதலுதவி, பளு தூக்கும் முறை, தீ விழிப்புணர்வு, உயரத்தில் வேலை. கடல் காற்றாலைக்கு மட்டும் ஐந்தாவதாகக் கடலில் உயிர் பிழைக்கும் பயிற்சி. உலகத்தரமான, நல்ல பயிற்சிதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் ஆளை எடுத்த பிறகு தங்கள் செலவிலேயே பயிற்சி கொடுப்பது வழக்கம். அதிலும் சான்றுக்கு ஆயுள் இரண்டே ஆண்டுதான். பிறகு மறுபயிற்சி எடுக்க வேண்டும். வேலை கிடைக்கும் முன்பே எடுத்துவைத்தால் தேடும் காலத்திலேயே ஆயுளில் பாதி கரைந்துவிடும்.

சொந்தக் காசில் எடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். பயிற்சி மையத்தின் பெயர் ஜிடபிள்யூஓ இணையதளத்தின் பட்டியலில் இருக்கிறதா? அந்த மையம் எந்தெந்தப் பாடத்துக்கு அனுமதி பெற்றிருக்கிறது? பிறகு விண்டா என்ற அவர்களின் தளத்தில் உங்கள் பெயரைப் பதிந்து அடையாள எண் வாங்குங்கள். பயிற்சி முடிந்ததும் மையம் உங்கள் பதிவை அந்த எண்ணில்தான் ஏற்றும். கம்பெனிகள் பார்ப்பதும் அதைத்தான். கையில் வண்ணக் காகிதம் இருந்து விண்டாவில் பதிவு இல்லையென்றால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

கடல் பாடத்துக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலை அமைக்கும் திட்டம் இருக்கிறது; 2024இல் மத்திய அமைச்சரவை தமிழ்நாடு, குஜராத் கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட்டுக்கு நிதியுதவித் திட்டத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் மெஷின் நட்டு, ஆள் எடுக்கும் நிலை வந்த பிறகு அந்தப் பயிற்சியை எடுத்தால் போதும். அந்த நாள் வரும்போது தேவனாம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் படகில் பழகி வளர்ந்தவர்களுக்கு அது பெரிய பலமாக இருக்கும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

மத்திய அரசின் தேசிய காற்றாற்றல் நிறுவனம் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிறது. அதன் சோதனைக்களம் கயத்தாறில். அங்கே நடக்கும் திறன் பயிற்சி அறிவிப்புகளை அவர்கள் தளத்தில் கவனித்து வாருங்கள். பசுமை வேலைகளுக்கான திறன் கவுன்சிலின் பாடத்திட்டத்தில் காற்றாலை இயக்கம், பராமரிப்பு டெக்னீஷியனுக்கென்று தனிப் பாடம் உண்டு. அரசு நிதியில் அது நடத்தப்பட்டால் தாராளமாகச் சேரலாம்.

நுழைய நான்கு வாசல்கள்

முதல் வாசல் அப்ரண்டிஸ். ஐடிஐக்காரர்கள் 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' தளத்திலும், டிப்ளமோ, டிகிரிக்காரர்கள் 'நாட்ஸ்' தளத்திலும் பதிய வேண்டும். படிப்பு முடித்த சூட்டோடு பதிந்துவிடுங்கள்; தள்ளிப்போட்டால் தகுதிக் காலம் போய்விடும். பதியும்போது நம் பக்கம் அடிக்கடி இடறுவது பெயரில். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக, பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால் தளம் ஏற்காது, உதவித்தொகையும் கணக்கில் விழாது. பின்னால் பிஎஃப் எண் உருவாக்கும்போதும் இதே தொல்லை வரும். வேலை தேடத் தொடங்கும் முன்பே எல்லாவற்றிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

இரண்டாம் வாசல், பழைய மெஷின்களைப் பராமரிக்கும் சிறிய சர்வீஸ் கான்ட்ராக்டர்கள். எங்கள் கணிப்பில் புதியவருக்கு மிக எளிதாகத் திறக்கும் கதவு இதுதான். உடுமலை, பல்லடம், வள்ளியூர், ஆரல்வாய்மொழிப் பக்கம் 225, 250, 500, 750 கிலோவாட் மெஷின்கள் இன்னும் ஏராளமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மில் முதலாளிகள் தங்கள் தேவைக்கு வாங்கிப் போட்டவை பல. தயாரித்த கம்பெனி மூடியிருக்கும், அல்லது அந்த மாடலைக் கைவிட்டிருக்கும். உள்ளூர் சர்வீஸ்காரர்கள்தான் ஓட்டுகிறார்கள். கோபுரம் முப்பது, நாற்பது, ஐம்பது மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏறிப் பழக நல்லது. கான்டாக்டர், கெப்பாசிட்டர் பேனல், தைரிஸ்டர், ஹைட்ராலிக் பவர் பேக் எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கும். ஒரு ஃபால்ட் ஏன் வந்தது என்று சர்க்யூட்டைப் பின்தொடர்ந்து கண்டுபிடிக்கலாம். புது மெஷினில் அந்த வேலையைக் கன்ட்ரோலர் செய்து அலாரம் எண்ணை மட்டும் காட்டும். சம்பளமும் பாதுகாப்புக் கருவியும் இடத்துக்கு இடம் மாறும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

மூன்றாவது, பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவு: சுஸ்லான், வெஸ்டாஸ், ஐநாக்ஸ், என்விஷன் போன்றவை. இவற்றின் இணையதள வேலைப் பக்கத்தில் 'சர்வீஸ் டெக்னீஷியன்', 'ஓ அண்ட் எம்' (இயக்கம், பராமரிப்பு) என்று தேடுங்கள். கல்லூரி வளாகத் தேர்வு வழியாகவும், ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாகவும் எடுக்கிறார்கள். இந்த வழியில் குஜராத், கர்நாடகா, ஆந்திரா, ராஜஸ்தான் சைட்டுக்கு அனுப்ப வாய்ப்பு அதிகம். பேசுமளவு இந்தி தெரிந்தால் முதல் மாதம் கஷ்டமில்லாமல் போகும்.

நான்காவது, ஊருக்குப் பக்கத்தில். புதுச்சேரியில் சுஸ்லானுக்கு நாசெல் தயாரிப்பு ஆலை இருக்கிறது. அங்கே அசெம்பிளி ஃபிட்டராக வேலை பார்த்தால் கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், நாசெல்லைத் திருப்பும் யா டிரைவ் எல்லாம் தரையிலேயே பழகும். பின்னால் சர்வீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவம் பேசும். நெய்வேலி என்எல்சியில் ஐடிஐ அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்குத் தென்காசி மாவட்டம் கழுநீர்குளத்தில் 34 மெஷின்கள் கொண்ட 51 மெகாவாட் காற்றாலையும் உண்டு. இவையும் அமையாவிட்டால் கடலூர் சிப்காட் கெமிக்கல் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் சேருங்கள். ஒர்க் பெர்மிட் எழுதுவது, பூட்டுப் போட்டு டேக் தொங்கவிட்டு வேலை பார்ப்பது அங்கே தினசரிப் பழக்கம். காற்றாலைக்காரர்கள் மதிக்கும் பழக்கம் அது.

எப்போது, எப்படிப் போவது

காற்று சீசனில் மெஷின் நின்றால் முதலாளிக்கு மணிக்கு மணி நஷ்டம். அதனால் பெரிய சர்வீஸ், கியர் ஆயில் மாற்றம், போல்ட் டைட் பார்ப்பது எல்லாவற்றையும் காற்று குறைந்த மாதங்களில் முடித்துவிடப் பார்ப்பார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கூடுதல் கை தேவைப்படும் காலம். பொங்கல் முடிந்ததும் கிளம்புவது சரியாக இருக்கும். ஜூலையில் போனால் எல்லாரும் பிரேக்டவுன் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமிருக்காது.

விழுப்புரத்தில் ரயில் ஏறினால் திருநெல்வேலி, வள்ளியூர், நாகர்கோவில் வரை நேராகப் போகலாம். உடுமலை, பல்லடம் பக்கம் என்றால் திருச்சி வழியாகப் பஸ். போன இடத்தில் மெஷின் அடியில் இருக்கும் வாட்ச்மேனிடம், அந்தப் பகுதியின் சைட் ஆபீஸ் எங்கே, சர்வீஸ் பார்ப்பது யார் என்று கேளுங்கள். வேலி தாண்டி உள்ளே நுழையாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் யார்டில் 11, 22 அல்லது 33 ஆயிரம் வோல்ட் இருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடை, ஜெனரேட்டர் ரீவைண்டிங் கடை, கிரேன் வாடகைக்கு விடுபவர்கள் ஆகியோருக்கு யாரிடம் ஆள் பற்றாக்குறை என்று நன்றாகத் தெரியும். சைட் இன்சார்ஜைப் பார்த்தால் 'சார், எலக்ட்ரீஷியன் ஐடிஐ முடிச்சிருக்கேன், ஹெல்பரா சேர்ந்து கத்துக்கத் தயார்' என்று நேராகச் சொல்லுங்கள். அவர் பெரும்பாலும் கேட்பது, 'ஏறுவியா தம்பி? வீட்ல சொல்லிட்டியா?' இரண்டுக்கும் உண்மையான பதில் தயாராக இருக்க வேண்டும். பெற்றோரிடம் மறைத்துவிட்டு வந்து, அம்மா அழுதார் என்று ஒரு வாரத்தில் திரும்பிப் போகும் பையன்களால் அடுத்து வருபவருக்கும் கதவு மூடுகிறது.

பயோடேட்டா ஒரே பக்கம். 'கடின உழைப்பாளி' போன்ற சொற்களை விட்டுவிட்டு, கையாண்ட கருவிகளை எழுதுங்கள்: மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி), டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளவாக இறுக்கும் கருவி), கிரிம்பிங் டூல். டூவீலர் லைசென்ஸ் கட்டாயம் இருக்கட்டும். மெஷின்களுக்கிடையே போய்வர அது வேண்டும். கார் லைசென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. மின்சார உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்று இருந்தால் மேலே எழுதுங்கள்.

உடம்பு

மருத்துவச் சோதனையில் ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி, கண் பார்வை, நிறக்குருடு, தலைச்சுற்றல், வலிப்பு வரலாறு எல்லாம் பார்ப்பார்கள். வலிப்பு இருந்ததை மறைக்கவே கூடாது. நூறு மீட்டர் உயரத்தில் வந்தால் கூட இருப்பவர் உயிருக்கும் ஆபத்து. நிறக்குருடு இருக்கிறதா என்று ஐடிஐ சேரும் முன்பே பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எண்பது மீட்டர் ஏணி என்றால் சுமார் 25 மாடி. புதிதாக ஏறுபவர்கள் கையால் இழுத்து ஏறுவார்கள். பாதி தூரத்திலேயே முன்கை மரத்துப்போய் விரல் மடங்காது. கால்தான் உடம்பைத் தூக்க வேண்டும், கை பிடிமானத்துக்கு மட்டும். இடுப்பு ஏணிக்கு ஒட்டி இருக்கட்டும், ஒவ்வொரு பிளாட்ஃபாரத்திலும் நின்று மூச்சு வாங்குங்கள். வேலைக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே முதுகில் ஏழெட்டுக் கிலோ பையோடு மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினால் போதும். புதிய பெரிய மெஷின்களில் சர்வீஸ் லிஃப்ட் இருக்கும்; அது பழுதானால் ஏணிதான்.

இன்டர்வியூவில் கேட்பது

காற்றாலை பற்றி ஆழமாகக் கேட்க மாட்டார்கள். காற்று வினாடிக்கு மூன்று நான்கு மீட்டர் வந்ததும் உற்பத்தி தொடங்கும், மிகப் பலமான காற்றில் மெஷின் தானாக நின்றுவிடும், பிட்ச் என்பது றெக்கையைத் திருப்புவது, யா என்பது நாசெல்லையே காற்றுப் பக்கம் திருப்புவது, ஜெனரேட்டர் பெரும்பாலும் 690 வோல்ட் தரும் என்ற அளவு தெரிந்தால் போதும். டிஓஎல், ஸ்டார்-டெல்டா மோட்டார் ஸ்டார்ட்டர் சர்க்யூட்டைக் காகிதத்தில் வரையச் சொல்வார்கள். அதைத் தப்பில்லாமல் வரையப் பழகுங்கள்.

மின்சாரம் இல்லை என்று எப்படி உறுதி செய்வாய் என்பது பலரைக் கவிழ்க்கும் கேள்வி. 'பிரேக்கரை ஆஃப் செய்வேன்' என்றால் பாதி மதிப்பெண்தான். ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, டேக் மாட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்வதைப் பார்த்து, பிறகு வேலை பார்க்கும் இடத்தைச் சோதித்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் டெஸ்டரைச் சரிபார்க்க வேண்டும். நடுவில் டெஸ்டர் செத்துப்போயிருந்தால் கடைசிச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். கன்வர்ட்டர் உள்ள மெஷினில் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆக மேனுவலில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மெக்கர் பற்றிக் கேட்டால், கன்வர்ட்டர், எலக்ட்ரானிக் கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் பிரித்த பிறகே வைப்பேன் என்பதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். இணைப்போடு மெக்கர் வைத்தால் கார்டு போய்விடும். அளந்து முடித்ததும் வைண்டிங்கை எர்த்துக்கு டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும்.

டார்க் ரெஞ்ச் கொடுத்து ஒரு போல்ட்டை இறுக்கச் சொல்லலாம். சீராக இழுங்கள், 'கிளிக்' கேட்டதும் நிறுத்துங்கள். இன்னொரு தடவை இழுத்தால் அளவு கூடிவிடும். அதை வைத்துப் போல்ட்டைக் கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்கேலைக் குறைந்த அளவுக்கு இறக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து அளவு பொய்யாகும். இறுக்கிய போல்ட் தலையிலிருந்து ஃபிளேஞ்ச் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரே கோடு போடுவார்கள். அடுத்த சர்வீஸில் அந்தக் கோடு விலகி இருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது.

ஜெனரேட்டர் ஸ்லிப் ரிங்கில் கார்பன் பிரஷ் மாற்றுவது உங்களுக்கு முதலில் கிடைக்கும் வேலைகளில் ஒன்று. தேய்ந்த கார்பன் தூள் உள்ளே படிந்தால் இன்சுலேஷன் குறைந்து எர்த் ஃபால்ட் வரும். அதனால் வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஊதினால் தூள் வைண்டிங்குக்குள் போய்விடும். புது பிரஷ்ஷின் முகத்தை ரிங்கின் வளைவுக்கு ஏற்ப கிளாஸ் பேப்பரால் தேய்த்துப் பொருத்த வேண்டும். எமரி தாள் கூடாது, அதன் துகள் ரிங்கைக் கீறிக் கெடுக்கும். பிரஷ் முகம் முழுதாக உட்காராவிட்டால் கொஞ்ச இடத்திலேயே கரண்ட் பாய்ந்து பொறி பறக்கும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

கான்ட்ராக்டரிடம் சேர்ந்தால், ஹார்னஸ் யாருடையது, எப்போது வாங்கியது, கடைசியாக எப்போது சோதித்தது என்று தயங்காமல் கேளுங்கள். முழு உடல் ஹார்னஸ், அதிர்ச்சி தாங்கி உள்ள இரட்டைக் கொக்கி லேன்யார்டு, ஏணியின் கம்பியிலோ ரெயிலிலோ ஓடி, விழும்போது பிடித்துக்கொள்ளும் ஃபால் அரெஸ்டர், தாடைப் பட்டை உள்ள ஹெல்மெட், அவசரத்தில் இறங்கும் கருவி ஆகியவை குறைந்தபட்சம். ஃபால் அரெஸ்டரை அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி மாட்டி, தரையிலேயே உடம்பைத் தொங்கவிட்டு அது பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற வேண்டும். இரட்டைக் கொக்கியில் ஒன்று எப்போதும் மாட்டியே இருக்கும். ஏறியவர் பிளாட்ஃபாரக் கதவை மூடிக் குரல் கொடுத்த பிறகே அடுத்தவர் ஏணியில் கால் வைப்பார். மேலிருந்து விழும் ஒரு ஸ்பேனர் கீழே உள்ளவரைக் கொல்லும். ரோட்டர் லாக் (றெக்கை சுற்றாமல் இருக்கப் போடும் பூட்டு) போடாமல் றெக்கைகள் சேரும் ஹப்புக்குள் போகச் சொன்னாலோ, தனியாக ஏறச் சொன்னாலோ மறுத்துவிடுங்கள். அப்படிச் சொல்லும் இடத்தில் வேலையும் வேண்டாம்.

சம்பளம் பேசும்போது கையில் வருவது எவ்வளவு என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப் பிடிப்பார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம். இஎஸ்ஐ பிடிக்கிறோம் என்றால் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அப்ரண்டிஸாக இருந்தால் பிஎஃப்பும் இஎஸ்ஐயும் கிடையாது. விபத்துக்கு ஈடு தர வேண்டியது நிறுவனத்தின் சட்டக் கடமை. என்ன இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரூம், சாப்பாடு, பைக் பெட்ரோல் யார் செலவு, லீவு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்குத் தீபாவளி, பொங்கலுக்கு வந்து போகவே மூன்று நாள் வேண்டும்.

வேலைக்கு டெபாசிட், யூனிஃபார்ம் பணம், 'செக்யூரிட்டி' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டர் வந்த மின்னஞ்சல் முகவரி கம்பெனியின் சொந்தத் தளத்தின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்; பொது ஜிமெயில் முகவரி என்றால் கம்பெனிக்கே போன் செய்து விசாரியுங்கள். ஐரோப்பா, வளைகுடாவில் காற்றாலை வேலை என்று யாராவது சொன்னால் அந்த ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவானவரா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.